சால்வர் வேகமானது, சரி. அமைப்பு நிலைத்து நிற்குமா?

அமைப்பின் கணித மாடலை வைத்து அடுத்த சில படிகளைக் கணித்து, ஒவ்வொரு படியிலும் உகந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் கட்டுப்பாட்டு முறைதான் எம்.பி.சி. எனப்படும் மாடல் பிரடிக்டிவ் கன்ட்ரோல். அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அந்த உள்ளீட்டைக் கணக்கிடும் நிரலான சால்வர் எத்தனை மில்லிசெகண்டில் விடை தருகிறது என்பதுதான் இப்போதெல்லாம் முதல் கேள்வியாக வருகிறது. அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொரு கணமும் மிகச் சிறந்த விடையையே கண்டுபிடிக்கும் கட்டுப்பாட்டு முறை, அந்த விடைகளாலேயே அமைப்பைக் கவிழ்த்துவிட முடியும். இதைக் காட்டக் கணினிகூட வேண்டாம்.

சும்மா விட்டால் படிக்குப் படி மூன்று மடங்காகப் பெருகும் ஒரு பிழையை எடுத்துக்கொள்வோம். இப்போதைய பிழை 1. நாம் கொடுக்கும் உள்ளீடு, மூன்று மடங்கான பிழையோடு கூட்டப்படும். நாம் கொடுக்கும் உள்ளீட்டின் வர்க்கத்தையும், அடுத்த படியில் மிஞ்சும் பிழையின் வர்க்கத்தையும் கூட்டி, அந்தத் தொகையை மிகக் குறைவாக்கும் உள்ளீட்டைத் தேடினால் −1.5 கிடைக்கும், மிஞ்சும் பிழை 1.5. மறுபடி அதே கணக்கைப் போட்டால் 2.25, பிறகு 3.375. கணக்கில் தவறே இல்லை. பிழை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு படிகள் முன்னால் பார்த்துக் கணக்கிட்டால் அதே பிழை ஒவ்வொரு முறையும் பாதிக்கும் கீழே சுருங்கும். ஒரு படிக்கு மேல் பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவருக்கும் வழி உண்டு: மிஞ்சும் பிழையின் வர்க்கத்துக்கு 10 மடங்கு எடை கொடுத்தால், 1 என்பது அடுத்த படியில் 3/11 ஆகிவிடும்.

1970களில் பிரான்சில் ரிஷலே குழுவினரும், ஷெல் நிறுவனத்தில் கட்லரும் ராமேக்கரும் இம்முறையை ஆலைகளுக்குக் கொண்டுவந்தபோது, அங்கிருந்த செயல்முறைகள் பெரும்பாலும் தாமே அடங்கக்கூடியவை, மெதுவானவை. ஆகவே நிரூபணம் இல்லாமலே வண்டி ஓடியது. கணிப்பின் கடைசிப் புள்ளியில் நிபந்தனை விதித்தால், உகந்த செலவே (மேலே நாம் குறைத்தது போன்ற தொகையின் மிகக் குறைந்த மதிப்பே) லியாபுனோவ் சார்பாக, அதாவது குறைந்துகொண்டே போய் அமைப்பு அடங்குவதைக் காட்டும் அளவாக, அமைந்து படிக்குப் படி குறையும் என்பதை 1988இல் கீர்த்தியும் கில்பர்ட்டும் பொதுப்படையாக நிறுவினார்கள். மாடல் சரியாக இருக்கும் வரையில்தான் இந்த உத்தரவாதம் என்பதையும் மறக்கக் கூடாது.

இதைவிட எனக்குப் பிடித்தது 1999இல் ஸ்கோகார்ட், மேய்ன், ராலிங்ஸ் மூவரும் காட்டியது. நிலைப்புத்தன்மைக்கு உகந்த விடையே தேவையில்லை. சென்ற சுற்றில் கிடைத்த உள்ளீட்டு வரிசையில் முதலாவதைக் கழித்துவிட்டு, வாலில் ஒரு பாதுகாப்பான உள்ளீட்டைச் சேர்த்தால், வரம்புகளை மீறாத ஒரு திட்டம் கையில் தயாராக இருக்கும். சால்வர் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். நேரம் போதாமல் பாதியில் நின்றாலும் அந்தத் திட்டத்தின் அடுத்த உள்ளீட்டை அனுப்பிவிடலாம்.

அதனால்தான் வடிவமைப்பு அறிக்கைகளைப் பார்க்கும்போது, சால்வர் முடிக்காத சுற்றில் வால்வுக்கு என்ன கட்டளை போகிறது என்று முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் வரும் பதில், "அப்படி நடக்காது சார்" என்பதே. நடந்தால் ஓடும் வரியை நிரலில் காட்டச் சொல்வேன். அதற்கு அடுத்த வாரம் தனிக் கூட்டம் போடுவார்கள்.