ஆள் இருக்கிறார், எந்தக் கமிட்டியில்?

சட்டம் வந்த பிறகு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் பெண்களின் எண்ணிக்கை கூடிவிட்டது என்கிறது, அதுபற்றி நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். 2013 கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது வேண்டும் என்றது. பல முதலாளிகள் மனைவியையோ மருமகளையோ உட்காரவைத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார்கள். அப்புறம்தான் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, சந்தை மதிப்பில் முதல் 500 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலிருந்தும், முதல் 1000 இடங்களில் உள்ளவற்றுக்கு மறுவருடத்திலிருந்தும், 'சுயாதீன' பெண் இயக்குநர், அதாவது முதலாளி குடும்பத்தோடு தொடர்பில்லாதவர், கட்டாயம் என்றது.

சொந்த வீட்டுப் பெண்ணையே வேண்டாம் என்றதும் உண்டு. சென்னைத் தொழில் குடும்பமான முருகப்பா குடும்பத்தின் முதலீட்டு நிறுவனம் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் 2020-ல் வள்ளி அருணாச்சலம் இயக்குநர் பதவி கேட்டார். அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பதிவான வாக்குகளில் 91 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு! 2023-ல்தான் குடும்பத்துக்குள் சமரசம் ஆனது. (பட்டியலிடாத நிறுவனம், செபி விதி அங்கே எட்டாது.)

ஆண்டறிக்கை கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது, எந்த இயக்குநர் எந்தக் கமிட்டியில் என்று சொல்லும் அட்டவணையைத்தான். நிறுவனத்தின் கணக்குகளைக் கண்காணிக்கும் தணிக்கைக் கமிட்டியில் அந்தப் பெண் இயக்குநர் இருக்கிறாரா, இல்லை சமூகப் பணிகளைப் பார்க்கும் சிஎஸ்ஆர் கமிட்டியோடு நிறுத்திவிட்டார்களா, எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். வெறும் எண்ணிக்கையை விட்டு, கட்டுரையாளர் அதையும் எடுத்துப் போட்டிருக்கலாம்.