வழக்கு காப்பாற்றிய படம்

பள்ளிக்கூட வாசலில் ஃபிலிம் துண்டு விற்ற காலத்தில் வளர்ந்தவன் நான். ஒரு துண்டு ஐந்து பைசா. எம்.ஜி.ஆர். முகம் தெளிவாக இருந்தால் பத்து. ஃபியூஸ் போன பல்பைப் பக்குவமாகத் திறந்து, உள்ளே தண்ணீர் ஊற்றினால் அதுதான் லென்ஸ். வெளியே வெயிலில் ஒருவன் கண்ணாடியைத் திருப்பிப் பிடிப்பான். தாத்தாவின் வேட்டிதான் திரை. அந்தத் துண்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்ததே இல்லை. ஓடித் தேய்ந்த ஏதோ ஒரு பிரதியை வெட்டி வெட்டி விற்றிருக்கிறார்கள். எங்கள் கால்சட்டைப் பையில் எத்தனை படம் செத்ததோ!

தமிழின் முதல் பேசும்படம் என்று நாம் கொண்டாடும் 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி 1936-இல் தானே இயக்கிய 'மிஸ் கமலா'வும் இல்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான, நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' எப்போதோ போய்விட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் மிஞ்சியிருப்பது 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கியது.

அது மிஞ்சிய கதைதான் வேடிக்கை. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை வைத்து எடுத்தவர்கள், நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகத்திடம் அனுமதி வாங்கவில்லை. 1933-இல் திருவனந்தபுரத்தில் படம் வெளியானதுமே வழக்கு. படம் முடங்கியது, பிரதி பதிப்பகத்தின் கைக்குப் போனது. தயாரிப்பாளர் நொடித்துப் போனார். ஆனால் ஊர் ஊராக ஓடித் தேயாததால் பிரதி பிழைத்தது. 1974-இல் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கி வைத்தது. ஓடிய படமெல்லாம் அழிந்தது, ஓடாத படம் தங்கியது.

1964-இல் அந்தக் காப்பகம் தொடங்கியபோதே பாதிக்கு மேல் காலம் கடந்துவிட்டது. பி.கே. நாயர் என்ற ஒரு மனிதர் வீடு வீடாக, குடோன் குடோனாக அலைந்து சேர்த்ததால்தான், இந்திய சினிமாவின் முன்னோடி பால்கேயின் படங்களில் சில ரீல்களாவது இன்று இருக்கின்றன. 1950-களின் தொடக்கம் வரை படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் வந்தன. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும் சரக்கு அது. 2003 ஜனவரியில் புனேயிலேயே தீப்பிடித்துப் பழைய நைட்ரேட் பிரதிகள் ஏராளமாகக் கருகின. தீயில் போகாத வேறு பழைய பிரதிகளை வெள்ளிக்காக உருக்கி விற்றவர்களும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வெள்ளி இருக்கிறது, நமக்கு அது போதும்.

என் ஆதங்கம் ஒன்றுதான். 1954-லிருந்து நம் நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. எந்தப் பதிப்பகம் புத்தகம் போட்டாலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். கொல்கத்தா, மும்பை, டெல்லிக்கும் ஒவ்வொன்று. முந்நூறு பிரதி அச்சடித்த கவிதைத் தொகுப்புக்கும் இதே விதிதான். நூறு கோடி செலவழித்து எடுக்கும் படத்துக்கு இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. கொடுத்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் தயாரிப்பாளர் வீட்டுப் பரணில் கிடக்கலாம்.

'இப்பதான் எல்லாம் டிஜிட்டல் ஆயிடுச்சே' என்பார்கள். சரி, பத்து வருடத்துக்கு முன் நீங்கள் கல்யாண வீடியோவைப் போட்டு வைத்த ஹார்ட் டிஸ்க் இன்று திறக்கிறதா, பாருங்கள்.

அப்புறம், காப்பாற்றியதை யாருக்குக் காட்டுகிறோம்? 2022-இல் பழைய படங்களைச் சீரமைக்க மத்திய அரசு 363 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் திருநெல்வேலியில் ஆராய்ச்சி செய்யும் மாணவிக்கு புனேயில் இருக்கும் பெட்டியால் என்ன பயன்? சட்டப்படி ஒரு படத்தின் உரிமை வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம்தான். அப்படியானால் 1930, 40-களின் படங்களைக் காப்பகமே இணையத்தில் ஏற்றலாமே? பாட்டுக்கும் கதைக்கும் தனி உரிமை உண்டு, அது ஒரு தலைவலி என்பது தெரியும். உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியாத தலைவலி இல்லை. இன்று பழைய தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால், யாரோ ஒரு ரசிகர் தேய்ந்த வீடியோ கேசட்டிலிருந்து யூடியூபில் ஏற்றியதுதான் கதி. மூலையில் ஒரு சேனல் முத்திரை, நடுவில் கால் மணி நேரம் காணோம். அந்த ரசிகருக்குக் கையெடுத்துக் கும்பிடு. அவர் செய்வது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மாமா. டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். போன மாதம் அவர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகர டப்பா கிடைத்தது. மூடியைக் கொஞ்சம் நெம்பியதுமே புளித்த காடி நெடி. ஃபிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் நாறுமாம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் '7' என்பது மட்டும் தெரிகிறது, படத்தின் பெயரைப் பூச்சி அரித்துவிட்டது. "நாத்தம் தாங்கல, நீயே எடுத்துட்டுப் போ" என்று அத்தை கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் நிழலான இடத்தில் வைத்திருக்கிறேன். பிரித்தால் ஒட்டிக்கொண்டு கிழியுமோ என்று பயம். மதுரைப் பக்கம் இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.