பழைய பிஎச்பி ஓடுகிற கடைக்கு என்ன வழி?

இணையதளங்களையும் பில்லிங் போன்ற சாஃப்ட்வேரையும் எழுதப் பயன்படும் மொழி பிஎச்பி; வெப் சர்வர் அதை ஓடவைக்கும் ஒரு முறை சிஜிஐ. 2024 ஜூனில் அதில் வெளிப்பட்ட, வெளியாள் சர்வரில் தன் கட்டளையை ஓடவிட வழிவிடும் ஓட்டையை உங்கள் கட்டுரையில் தெளிவாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் 'புதிய பதிப்புக்கு மாறினால் போதும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மொத்தக் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பார்த்துக் கொடுப்பவன் நான். பல கடைகளில் விண்டோஸ், எக்ஸாம்ப் (அப்பாச்சி வெப் சர்வரும் பிஎச்பியும் சேர்ந்த இலவசத் தொகுப்பு), அதில் பிஎச்பி 7. திருத்தம் வந்ததோ 8.1.29, 8.2.20, 8.3.8 பதிப்புகளில்தான். 7-க்கும் 8.0-க்கும் ஆதரவு முன்பே முடிந்துவிட்டது. துணிந்து மாற்றினால் பழைய கோட் பாதி ஓடாது. பில் நின்றால் முதலாளி நம்மைத்தான் பிடிப்பார்.

எக்ஸாம்பில் வேறு, பிஎச்பி சிஜிஐ தானாகவே வெளியே தெரிகிற மாதிரி அமைப்பு. தாக்குபவர் அனுப்பும், கண்ணில் படாத ஒரு மென்கோட்டு எழுத்தை (soft hyphen) விண்டோஸ் சாதாரணக் கோடாக (-) மாற்றிவிடுகிறது; இதே மாதிரி பழைய ஓட்டைக்கு 2012-இல் போட்ட தடுப்பு வீணாகிவிடுகிறது. எக்ஸாம்பின் அப்பாச்சி கான்ஃபிக் கோப்பில் பிஎச்பி சிஜிஐயை வெளியே காட்டுகிற ஸ்கிரிப்ட்அலியாஸ் (ScriptAlias) வரிக்கு முன்னால் ஒரு # போட்டு, அப்பாச்சியை மறுபடி ஓடவிட்டால் இந்த வழி அடைபடும். இதை எழுதியிருக்கலாம்.

சீன, ஜப்பானிய மொழி விண்டோஸில்தான் உறுதிசெய்தார்கள், சரி. ஓட்டையைக் கண்டுபிடித்த தைவானின் பாதுகாப்பு நிறுவனம் டெவ்கோர், மற்ற மொழி விண்டோஸெல்லாம் பத்திரம் என்று சொல்லவில்லையே. வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவைத்திருக்கும் அண்ணாச்சிகளிடம் முதலில் அதை மூடச் சொல்லுங்கள்.