மாதம் 16 கிலோமீற்றர்

போன ஞாயிறு மலைக்குப் பொதி கொண்டுபோனபோது ஒரு தம்பியின் டபுள் கேப் (பின்னால் சாமான் தட்டு உள்ள வாகனம்) சேற்றில் ஏறாமல் நின்றுவிட்டது. ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிற அமைப்பு, வேலை செய்யவில்லை. அதைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். காணொளியை எல்லாரும் பார்த்தாயிற்று. யாருடைய வாகனம் என்பதும் தெரியும், அந்தத் தம்பியை மேலும் நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நேற்று இரவு அதற்குக் கீழே வந்திருந்த கமென்ட்டுகளை ஒன்று விடாமல் வாசித்தேன். 'ஜப்பான் சாமானை இனி நம்பேலாது' என்கிறார் ஒருவர். 'ஃபோர் வீல் எல்லாம் விற்கிறவன் சொல்கிற கதை' என்கிறார் இன்னொருவர். நடுவில் என்னைப் பற்றியும் ஒன்று: 'ஃபோர் வீல் வாத்தியார் அங்கேயும் பாடம் எடுத்தாரா?' அதற்கு நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். அந்த டபுள் கேப்பைச் செய்தவன் யாரையும் ஏமாற்றவில்லை. தம்பிதான் வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடம், ஃபோர் வீல் சுவிட்சை ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. அதனால்தான் தேவைப்பட்ட அன்றைக்கு அது விழவில்லை, முன் சக்கரங்கள் சேரவில்லை. நான் எடுத்த 'பாடம்' என்னவென்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சேற்றில் நின்றபடி, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "தம்பி, கடைசியாக இதை எப்போது போட்டாய்?" என்றேன். "இதுவரைக்கும் தேவைப்படவே இல்லையே அண்ணே" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் காணொளி எடுத்தவர் அதையும் போட்டிருப்பார்.

தேவைப்படும்போது போடலாம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் பிழைக்கிறோம். ஃபோர் வீலைப் போடாமல் ஓடும்போது பெரும்பாலான ஜீப்புகளிலும் டபுள் கேப்புகளிலும் முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற தண்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், சுற்றுவதில்லை. முன் டிஃபரென்ஷியலில் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பற்சக்கரக் கூட்டில்) ஒயில் அடியில் தேங்கிக் கிடக்கும். உள்ளே இருக்கிற பெரிய பற்சக்கரம், கிரவுன் வீல், சுற்றினால்தான் அந்த ஒயிலை அள்ளி மேலே இருக்கிற பெயாரிங்குக்கும் சீலுக்கும் வீசும். சுற்றாவிட்டால் மேல் பாதி காய்ந்தே கிடக்கும், ஈரம் பிடிக்கும், சீல் இறுகிப்போய் ஒருநாள் ஒயில் கசியத் தொடங்கும். சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கியரைத் தள்ளுகிற கவை நகராமல் கிடந்து இறுகும். சுவிட்சைத் திருப்பினால் வேலை செய்கிற வாகனமென்றால் உள்ளே ஒரு சின்ன மோட்டர் இருக்கிறது, அதுதான் அந்தக் கவையைத் தள்ளுகிறது. அது வாகனத்துக்குக் கீழே, தண்ணீரும் சேறும் தெறிக்கிற இடத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், அதற்கு மின்சாரம் போகிற ப்ளக்கின் பின்கள் பச்சை பூத்துப் போகும். நாமோ கொழும்பில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலுக்கு நூறு கஜ தூரத்தில் வாகனத்தை நிறுத்துகிறவர்கள். உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே எப்படித் தின்கிறது என்று தினமும் பார்க்கிறோம், வாகனத்துக்கு அடியில் இருக்கிற இரும்பை மட்டும் அது விட்டுவைக்குமா?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. டொயோட்டா தன் ஃபோர் வீல் வாகனங்கள் சிலவற்றின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது: மாதம் குறைந்தது 16 கிலோமீற்றர் ஃபோர் வீலில் ஓட்டுங்கள், அப்போதுதான் முன்பக்க உறுப்புகளுக்கு ஒயில் போகும் என்று. 16 கிலோமீற்றர் என்பது என்ன? வெள்ளவத்தையிலிருந்து மொரட்டுவைக்குக்கூடப் போய் வரக் காணாது. கையேடு ஜப்பான் மொழியில் இருக்கிறது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதனால்தானே நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கா வாத்தியார் பட்டம்?

இனி வரப்போகிற கேள்விகள் எனக்குத் தெரியும். முதலாவது, 'சும்மா போட்டால் தேய்ந்துவிடும், கராஜ் பாஸே (மெக்கானிக்கே) சொன்னார்.' அந்த பாஸ் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத, வேண்டும்போது மட்டும் போடுகிற பார்ட் டைம் ஃபோர் வீலைக் காய்ந்த தார் வீதியில் போடவே கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் போகும் தூரமும் பின் சக்கரங்கள் போகும் தூரமும் ஒன்றில்லை. மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை, அந்த முறுக்கு முழுவதும் கியருக்கும் ஷாஃப்ட்டுக்கும் போகும். ஸ்டியரிங் கனக்கும், வாகனம் பிடித்து இழுத்த மாதிரி இருக்கும், அப்புறம் ஃபோர் வீலை எடுக்கப் பார்த்தாலும் மீட்டரில் அதன் லாம்பு அணையாது. அப்படியாகிவிட்டால் நேராகக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். ஆக, எங்கே போடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். கிரவல் (சரளை), ஈரப் புல், மணல், சேறு, இந்த இடங்களில் தாராளமாகப் போடலாம். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும், முன்னால் புதுசும் பின்னால் மொட்டையும் போட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். 'தாரில் போடாதே' என்று பாஸ் சொன்னதை 'எங்கேயுமே போடாதே' என்று எடுத்துக்கொண்டது யார் பிழை?

இரண்டாவது, 'இப்போது எல்லாம் ஓட்டோமேட்டிக்.' நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் எஞ்சின் சக்தி போகிற வாகனம் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பதிவின் பெரும்பகுதி தேவையில்லை. ஆனால் அதிலும் டிஃப் லொக் (டிஃபரென்ஷியலைப் பூட்டுவது), லோ கியர் (மெதுவாக, பலமாக இழுப்பது) இருந்தால் அவற்றையும் இடைக்கிடை போட்டு எடுக்க வேண்டும். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருக்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள், டிஃப் லொக் கம்பி இறுகிப்போன கதை ஒன்றாவது சொல்வார். மிட்சுபிஷி 1991இல் கொண்டுவந்த சூப்பர் செலக்ட் மாதிரி அமைப்பு என்றால் இன்னும் சுலபம். நடுவில் டிஃபரென்ஷியல் இருப்பதால் ஃபோர் ஹையில், அதாவது சாதாரண வேக ஃபோர் வீலில், தார் வீதியிலேயே ஓடலாம், லொக்கை மட்டும் மண்ணில் போட்டால் சரி. அவர்களுக்கு ஒரு சாட்டும் இல்லை.

மூன்றாவது, டீசல் செலவு. மாதம் 16 கிலோமீற்றருக்கு டீசல் கணக்குப் பார்க்கிறவர் அந்த வாகனத்தை வாங்கியிருக்கவே கூடாது. இதற்குமேல் அதைப் பேச எனக்குப் பொறுமையில்லை.

ஆனால் டீசலை எண்ணிப் பார்த்த ஒரு காலம் எனக்கும் இருந்தது. 2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்ததும் வாரம் 20 லீற்றர்தான் கிடைத்தது. அதற்கு முன்னால் வரிசையில் நின்றே நாட்கள் போயின. என் பழைய ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு மூடி ஒழுங்கையில் நிறுத்தினேன். பற்றரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்வேன், ஃபோர் வீல் லீவரைத் தொடவில்லை. கோட்டா கூடிய பிறகும் தொடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே போய்விட்டது.

2023 ஐப்பசி மழையில் பொகவந்தலாவையிலிருந்து தங்கச்சி அழைத்தாள், அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று. அவிசாவளை, கித்துல்கல, அட்டன் என்று விடிய முன்னம் ஏறினேன். தார் வீதியிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மேல் டிவிசனுக்கு, ஒன்றரைக் கிலோமீற்றர் மண்பாதை. மழையில் அது செம்மண் களி. லீவரைத் தள்ளினேன். மீட்டரில் முன் சக்கரம் இரண்டையும் காட்டுகிற பச்சை லாம்பு துடிக்கத் தொடங்கியது. அது துடிக்காமல் நின்று எரிந்தால்தான் முன் சக்கரம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்னுக்கு எடுத்தேன், பின்னுக்கு எடுத்தேன், நிறுத்தி மறுபடி போட்டேன். துடித்துக்கொண்டே இருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் குழி தோண்டின.

அப்பாவை லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பொடியன்கள் நான்கு பேர் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மேலே ஒரு ரப்பர் சீற் போர்த்தி, அந்த மழையில், அந்த இறக்கத்தில்.

அப்பா 31 வருடம் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். பழைய லேண்ட் ரோவர். மஞ்சள் குமிழைக் கீழே அமுக்கினால் ஃபோர் வீல், சிவப்புக் குமிழை இழுத்தால் லோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்ததும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் இருக்கிற புல்தரையில் இரண்டையும் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் ஷெட்டில் விடுவார். சின்ன வயதில் அந்தச் சுற்றுக்கு என்னையும் ஏற்றிக்கொள்வார், எனக்கு அது விளையாட்டு. அவருக்கு அது வேலை என்று எனக்குப் புரியவே இல்லை. அன்றைக்குக் கதிரையிலிருந்து ஜீப்புக்குள் ஏற்றும்போது மீட்டரைப் பார்த்தார். லாம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கியபடியே, "எப்பப்பா கடைசியா போட்ட?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்தார், அடுத்த வருடம்தான் போனார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவே இல்லை. போன ஞாயிறு நான் அந்தத் தம்பியிடம் கேட்டது அப்பா என்னிடம் கேட்ட அதே கேள்வி. அதற்குத்தான் நீங்கள் நாற்பது பேர் சிரித்தீர்கள்.

கொழும்புக்கு வந்து ஜீப்பைத் தூக்கிப் பார்த்தபோது என்ன இருந்தது தெரியுமா? முன் டிஃபரென்ஷியலைச் சேர்க்கிற இடத்துக்குப் போகும் வெக்கியூம் (காற்றை உறிஞ்சுகிற) குழாய், விரல் மொத்தம்கூட இல்லாத ரப்பர், எஞ்சின் சூட்டில் காய்ந்து மூன்று இடத்தில் வெடித்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். மாதம் ஒரு தடவை லீவரைத் தள்ளியிருந்தால் ஏதோ ஒரு சனிக்கிழமை, ஹொரணைப் பக்கத்துக் கிரவலில், வெயிலில், அந்த லாம்பு துடிப்பதைப் பார்த்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், ஒயில் போவது ஒரு பக்கம், போட்டுப் பார்த்தால்தான் பழுதே தெரியவரும். 'எனக்குத் தேவைப்படவில்லை' என்பவருக்கு அது தேவைப்படும் நாளில்தான் முதல்முதலாகத் தெரியவரும்.

'கொழும்பில் இருக்கிறவனுக்கு எதற்கு இதெல்லாம்?' என்கிறார்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவைக்குள் தண்ணீர் வந்ததை மறந்துவிட்டோமா? அதை விடுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், சொந்தப் பாவனைக்கு வாகனம் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் எத்தனை பேர் பழைய வாகனப் பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, கழற்றிய பழைய பாகங்களைப் பூட்டித்தான் ஓட்டினார்கள். ட்ரான்ஸ்ஃபர் மோட்டர் ஒன்றின் விலையைக் கேட்டவருக்குத் தெரியும், மாதம் அரை மணித்தியாலம் எவ்வளவு மலிவு என்று.

அப்புறம் இன்னொன்று. இதை எழுதத் தொடங்கும்போது சொல்ல நினைக்கவில்லை, இப்போது சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை பொதி கொண்டுபோன அந்தப் பாதையில் மேலே இருக்கிறவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது, எங்கள் மேல் டிவிசன் பாதை அப்பா ஓட்டிய காலத்தில் இருந்த மாதிரியே கல்லும் களியுமாகக் கிடக்கிறது. யாரைக் கேட்டாலும் அது தங்களுடையது இல்லை என்கிறார்கள். நோயாளியை இன்னும் கதிரையிலும் கம்பளியிலும்தான் தூக்குகிறார்கள். அங்கே நாம் ஃபோர் வீல் என்று எழுதின வாகனத்தில் போய் நின்று, அது ஏறாமல், அந்தப் பொடியன்களையே கூப்பிட்டுத் தள்ளச் சொன்னோம். பொதியையும் அவர்களே தலையில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். காணொளியில் அந்தப் பகுதி இல்லை. எனக்கு நோவது அதுதான், வாத்தியார் என்றது கூட அவ்வளவு இல்லை.

தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன்மேல் எனக்குக் கோபமில்லை. முதலில் அந்த மோட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ப்ளக்கைத் துடைத்து, முன் டிஃபரென்ஷியலிலும் ட்ரான்ஸ்ஃபரிலும் ஒயில் மாற்று. பழைய ஒயில் பால் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பாஸிடம் சொல். அப்புறம் என்னோடு வா. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 6 மணிக்கு நான் வெள்ளவத்தையிலிருந்து கிளம்புகிறேன். ஹொரணைப் பக்கம் தெரிந்தவருடைய ரப்பர் தோட்டத்துக்குள் நல்ல கிரவல் பாதை இருக்கிறது. ஹையில் நாலைந்து சுற்று, நின்று நியூட்ரலுக்கு எடுத்து லோவில் ஒரு சுற்று, கொஞ்சம் பின்னுக்கும். ஒன்பது மணிக்கு வீட்டில் இருக்கலாம். கமென்ட் போட்டவர்களும் வரலாம். மழை பெய்தாலும் போவோம், பெய்தால் இன்னும் நல்லது.