கழுகு தன் அலகை உடைத்துக்கொள்வதில்லை

'40 வயதில் கழுகு மலையேறி, அலகைப் பாறையில் உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கி, 150 நாளில் புதுப்பிறவி எடுத்து 70 வயது வாழும்' என்று தில்லி மயூர் விகார் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி பொய்.

தார் பாலைவனத்தைப் பாருங்கள். அங்குள்ள பாலைவன எலி பகலில் வளையை விட்டு வெளியே வந்து விதையும் புல்லும் தின்னும். அதனால்தான் பகலில் வேட்டையாடும் கழுகுக்கு அது இரையாகிறது. துரத்த இறகு, பிடிக்க நகம், கிழிக்க அலகு. மூன்றும் போனால் 5 மாதம் எதைத் தின்னும்? பட்டினியில் செத்துவிடும்.

உண்மையில் அலகும் நகமும் வாழ்நாள் முழுதும் வளர்ந்து தேய்கின்றன. இறகுகள் சிலசிலவாக உதிர்ந்து முளைக்கின்றன. அமெரிக்காவில் காலில் வளையமிட்டுப் பதிவான வெண்தலைக் கழுகின் உச்ச வயதே 38. இந்தப் பொய்க்கதையைப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். தார்க் கழுகுகள் மின்கம்பிகளில் அடிபட்டுச் சாவதைச் சொல்லிக்கொடுங்கள்.