'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டை பிபிசி நிபுணர்கள் தேர்ந்தெடுத்தார்களா?

"பிபிசியின் இசை நிபுணர் குழு, உலகின் நான்காவது சிறந்த பாடலாக 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டை இப்போது அறிவித்துள்ளது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான்காவது இடம் உண்மைதான். மற்றதெல்லாம் தவறு.

இது 2002-ல் பிபிசி உலக சேவை தன் 70-ஆம் ஆண்டையொட்டி நடத்திய நேயர் வாக்கெடுப்பு. நிபுணர் குழு எதுவும் இல்லை. ஓட்டுப் போட்டது கேட்பவர்கள். பட்டியலைப் பார்த்தாலே இது புரியும்: முதலிடம் ஓர் அயர்லாந்து தேசபக்திப் பாட்டு, இரண்டாவது 'வந்தே மாதரம்', மூன்றாவது 'தில் தில் பாகிஸ்தான்'. உலகமே கொண்டாடும், குயீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பொஹிமியன் ராப்சடி' பத்தாவது! எந்த விமர்சகர் குழுவும் இப்படி வரிசைப்படுத்தாது. யாருடைய ரசிகர்கள் திரண்டு வந்தார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது.

அதனால் இளையராஜாவின் இசைக்கு எந்தக் குறையும் இல்லை. 1991-ல் வந்த 'தளபதி' பாட்டுக்கு 11 ஆண்டு கழித்தும் அத்தனை பேர் ஓட்டுப் போட்டதே பெரிய விஷயம். பிபிசி தளத்தில் 2002 டிசம்பர் செய்திகளைத் தேடினால் முழுப் பட்டியலும் கிடைக்கும். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.