மீதிக் கடிதம் எங்கே?

கடிதம் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த நெப்போலியன் கையெழுத்தை வாங்கி, ஃப்ரேம் போட்டு ஒருவர் இங்கே படம் போட்டிருந்தார். மீதிக் கடிதம் எங்கே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தப் படத்தைப் பற்றி இனி வாயே திறப்பதில்லை என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். நேற்று ராத்திரி ஒருவர் வந்து, "வாங்க வக்கில்லாதவனுக்கு வயித்தெரிச்சல்" என்று எழுதிவிட்டுப் போனார். அதற்கு இதயம் விட்டவர்களில் இரண்டு பேர் என் வீட்டில் கை நனைத்தவர்கள். சரி, பேசிவிடுகிறேன்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. நெப்போலியன் கையெழுத்தை வாங்கியது தப்பு என்று சொல்லவில்லை. அதைக் கடிதத்திலிருந்து வெட்டியது தப்பு என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு துண்டுத் தாள். நடுவில் 'என்பி' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து இழுத்த கோடு. அதற்கு மேலே கத்தரிபட்ட ஒரு வரியின் கால்கள் மட்டும் தொங்குகின்றன. பக்கத்தில் குதிரை மேல் பேரரசர், சுற்றிலும் தங்கக் கலர் பார்டர். போர் அமைச்சர் கிளார்க்குக்கு எழுதிய கடிதம் என்று சீட்டில் இருக்கிறது. அந்தக் கடிதம் எங்கே என்று கேட்டேன். "அதுல ஒண்ணுமில்ல சார், பூட்ஸ் கணக்கு, குதிரைக் கணக்கு" என்று பதில் வந்தது.

பூட்ஸ் கணக்குதான் சார் நெப்போலியன்! கிளார்க் 1807 முதல் 1814 வரை போர் அமைச்சராக இருந்தவர். பேரரசர் ஸ்பெயினில் இருந்தாலும் வியன்னாவில் இருந்தாலும் மாஸ்கோவில் இருந்தாலும் பாரிஸில் இருந்த அவருக்குக் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். எந்தப் படைப்பிரிவு எங்கே நிற்கிறது, எத்தனை பேர் குறைகிறார்கள், எத்தனை பீரங்கி வேண்டும். பாதி ஐரோப்பாவை ஒரு மனுஷன் அப்படித்தான் ஆண்டான். நெப்போலியன் அறக்கட்டளை 2004 முதல் 2018 வரை உட்கார்ந்து 15 தொகுதிகளில் 40,000க்கும் மேற்பட்ட கடிதங்களைப் பதிப்பித்தது. அதில் பெரும்பகுதி நீங்கள் "ஒண்ணுமில்ல" என்று சொன்ன சங்கதிதான்.

"கடிதம் அவர் எழுதினதே இல்ல, செயலாளர் எழுதினது. கையெழுத்து மட்டும்தான் அவரோடது" என்று இன்னொருவர். உண்மைதான். அவர் கைப்பட எழுதினால் யாராலும் லேசில் படிக்க முடியாது. அறையில் நடந்துகொண்டே வேகமாகச் சொல்லுவார், செயலாளர் மெனெவாலோ, பிற்பாடு அந்த வேலைக்கு வந்த ஃபானோ எழுதுவார்கள். எழுதியதை இவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

என் தாத்தா ஓர் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்தவர். இதே கேள்வியைச் சின்ன வயதில் நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். "டைப் அடிச்சது நீங்கதானே தாத்தா, அப்ப அது உங்க லெட்டர்தானே?" "விரல் என்னுது, உத்தரவு அவரோடது. நாளைக்கு கோர்ட்டுல கூப்பிட்டா நிக்கப்போறது கையெழுத்துப் போட்டவர்டா" என்றார். கையெழுத்து என்றால் 'இதற்கு நான் பொறுப்பு' என்று அர்த்தம். எதற்குப் பொறுப்பு என்பதைக் கத்தரித்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் மை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1809 ஜூனில் நெப்போலியனிடமிருந்து அவர் தங்கை கணவரும் நேப்பிள்ஸ் அரசருமான மூராவுக்கு ஒரு கடிதம் போகிறது: போப் கலகத்தைத் தூண்டினால் அவரைக் கைது செய்ய வேண்டியதுதான் என்று. ஜூலை 6 அன்று போப் ஏழாம் பயஸைக் கைது செய்துவிட்டார்கள். அதே ஜூலையில் போலீஸ் அமைச்சர் ஃபூஷேவுக்கு எழுதும்போது, போப்பைக் கைது செய்தது பெரிய முட்டாள்தனம் என்று வருத்தப்படுகிறார்! இரண்டையும் அனுப்பியது ஒரே ஆள். இரண்டிலிருந்தும் கையெழுத்தை மட்டும் வெட்டித் தனித்தனி ஃப்ரேமில் போட்டிருந்தால் இந்தப் பொய் யாருக்காவது தெரிந்திருக்குமா?

"கொலைகாரன் கடிதத்துக்கு ஏன் இவ்வளவு கண்ணீர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1802ல் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்த ஆளுக்காக நான் அழவில்லை. ஆனால் தம்பி, கொலைகாரனின் உத்தரவைத்தான் முழுசாக வைத்திருக்க வேண்டும். 1812 அக்டோபர் 20 தேதியிட்டு வெளியுறவு அமைச்சர் மாரேவுக்கு ஒரு கடிதம், முழுக்கச் சங்கேத எண்களில். 22ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குக் கிரெம்ளினை வெடிவைத்துத் தகர்க்கப் போகிறேன் என்கிறது. கீழே 'நப்' என்று பெயரைச் சுருக்கிப் போட்ட கையெழுத்து. 2012 டிசம்பரில் பிரான்சின் ஃபோன்டெய்ன்ப்ளூ ஊரில் 1,87,500 யூரோவுக்கு ஏலம் போனது. அந்த எண்களை எல்லாம் கழித்துவிட்டு 'நப்' மட்டும் இருந்தால், அவர் மேல் குற்றம் சொல்ல உங்களிடம் என்ன இருக்கும்?

கத்தரி ஒன்றும் புதிதில்லை. பிற்பாடு பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியன், தன் பெரியப்பாவான இவரது கடிதங்களை 32 தொகுதிகளாக வெளியிட்டபோது, 1864க்குப் பிறகு வந்த குழு, பேரரசர் உயிரோடு இருந்தால் எதை வெளியிட விரும்புவாரோ அதைத்தான் வெளியிடுவோம் என்று முடிவெடுத்தது. சங்கடமானதையெல்லாம் ஒதுக்கினார்கள். அவற்றில் பல 1897ல் லெசெஸ்த்ர் என்பவர் பதிப்பித்த பிறகுதான் வெளியே வந்தன. அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள், அதனால் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. நீங்கள் வாங்கிய துண்டை வெட்டியவன் மீதியை என்ன செய்தான்?

"என் காசு, என் பொருள்" என்கிறீர்கள். இதற்கு எனக்கு நிதானமாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாத்தாவின் பணி ஆணை ஒன்று எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்தது. பெரிய அதிகாரி பச்சை மையில் போட்ட கையெழுத்து. சித்தப்பா மகனுக்கு அப்போது ஆல்பம் சேர்க்கிற கிறுக்கு. பிளேடால் அந்தக் கையெழுத்தை மட்டும் சதுரமாக அறுத்து ஒட்டிக்கொண்டான். தாளின் பின்பக்கம் அதே இடத்தில்தான் தாத்தாவின் பழைய சர்வீஸ் வருஷங்களைச் சேர்த்ததற்கான குறிப்பு இருந்தது. அதுவும் பசையோடு போயிற்று. தாத்தா போன பிறகு ஆச்சி குடும்பப் பென்ஷனுக்கு அந்த ஓட்டைத் தாளை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் அலைந்தாள். கவுண்டரில் இருந்தவர் தாளைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக ஆச்சியைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினோரு வயசு.

அதனால்தான் கேட்டேன். வயிற்றெரிச்சலில் இல்லை. நாளைக்கே நீங்கள் அதை எனக்குச் சும்மா கொடுத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த ஃப்ரேமைப் பின்னால் திறந்து, துண்டின் மறுபக்கத்தை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். அரை வரியாவது இருக்கும். விற்றவரிடம் மீதித் தாளைப் பற்றியும் விசாரியுங்கள். கிடைத்தால், தபால் செலவை நான் தருகிறேன்.